கந்தக அயனியின் புற ஊதா ஒளியை ஆய்வகத்தில் அளப்பது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் சில வருடம் கந்தக அயனிக் கற்றையோடு மல்லுக்கட்டியவன். கல்லூரிகளில் போய்ப் பேசும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியில் "என்னப்பா பண்றே?" என்று யாராவது கேட்டுவிடும்போதும், வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய இவைதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை போகப்போக.

விண்வெளில கந்தகமா? அது எப்படி அங்க போச்சு?

வியாழனுக்கு அயோ என்று ஒரு நிலா. (ஆங்கில உச்சரிப்பில் சொன்னால் "ஐயோ" என்றுதான் வரும், வகுப்பில் சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆகும்.) அதில் எரிமலைகள் குமுறிக்கொண்டே இருக்கின்றன. 1979 மார்ச் 5-ஆம் தேதி வாயேஜர்-1 விண்கலம் வியாழனைக் கடந்தது. மூன்று நாள் கழித்து, மார்ச் 8 அன்று, வழிகாட்டலுக்காக அது எடுத்த ஒரு படத்தில் லிண்டா மொராபிட்டோ என்ற பொறியாளர் அயோவின் விளிம்புக்கு வெளியே குடை மாதிரி ஒன்று நிற்பதைப் பார்த்தார். அது எரிமலைப் புகை. அங்கே நீராவி கிடையாது, வருவது பெரும்பாலும் சல்ஃபர் டை ஆக்ஸைடு.

அதில் நொடிக்கு ஒரு டன் அளவில் அயோவை விட்டுத் தப்பிப் போய், உடைந்து, எலக்ட்ரான் இழந்து, வியாழனின் காந்தப் புலத்தில் மாட்டிக்கொள்கிறது. புலமும் அதோடு அயனிகளும் வியாழனுடன் சேர்ந்து பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு சுற்று. அயோவுக்கு ஒரு சுற்றுக்கு 42 மணி நேரத்துக்கும் மேல். ஆக, அயோவின் பாதையை ஒட்டி உளுந்து வடை வடிவத்தில் ஒரு பிளாஸ்மா வளையம் எப்போதும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் "வளையம்" என்றால் அதுதான், சனியின் வளையம் மாதிரியான பனிக்கட்டி வளையம் இல்லை.

அயனின்னா சரி. அது ஏன் ஒளி விடுது? அதுவும் ஏன் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவுல?

வளையத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2,000 எலக்ட்ரான்கள் அலைகின்றன. ஒன்று வந்து கந்தக அயனியை இடித்தால், அயனிக்குள் இருக்கும் எலக்ட்ரான் மேல்படிக்குத் தாவும். அப்புறம் தானாகக் கீழே இறங்கும், இறங்கும்போது ஒரு ஃபோட்டானைக் கக்கும். படிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு ஆற்றல் அந்த ஃபோட்டானுக்கு.

அயனியில் மிச்சமிருக்கும் எலக்ட்ரான்களை அணுக்கரு இறுக்கிப் பிடித்திருக்கிறது, அதனால் படிகள் உயரமானவை. 7 முதல் 18 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலுக்கான அலகு) என்றால் அலைநீளம் 1,700 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 680 ஆங்ஸ்ட்ராம் வரை. (ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம். கண்ணுக்குத் தெரிவது சுமார் 4,000-க்கு மேல்தான்.) இந்த வளையம் புற ஊதாவில் கொட்டும் திறன் ஏறத்தாழ 2 லட்சம் கோடி வாட். கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

பேப்பர்ல "எஸ்" எழுதி பக்கத்துல ரோமன் இரண்டு போட்டிருக்கு. ரெண்டு எலக்ட்ரான் போயிடுச்சா?

இல்லை, ஒன்றுதான் போயிருக்கிறது. நிறமாலைக்காரர்கள் முழு அணுவையே ஒன்று என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் அயனிக்கு எப்போதும் ஓர் எண் கூட. புதிதாக வருபவர்கள் எல்லோரும் இதில் ஒரு முறையாவது விழுவார்கள், நானும் விழுந்திருக்கிறேன்.

குழப்பம் வேண்டாம் என்று இங்கே ஒற்றை அயனி, இரட்டை அயனி, மும்மை அயனி என்றே எழுதுகிறேன்: ஒன்று, இரண்டு, மூன்று எலக்ட்ரான் இழந்தவை. முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 10.36 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், இரண்டாவதற்குச் சுமார் 23.3, மூன்றாவதற்குச் சுமார் 34.8. ஒற்றை அயனியின் அடையாளம் 1,256 ஆங்ஸ்ட்ராம் பக்கத்தில் ஒரு மூன்று கோட்டுக் கொத்து. இரட்டைக்கு 680-லும் 1,200-ஐ ஒட்டியும். மும்மைக்கு 657-லும் 1,070-ஐ ஒட்டியும்.

விண்கலம் போய்ப் பார்த்தாச்சே, அப்புறம் ஆய்வகத்துல என்ன வேலை?

விண்கலம் எண்ணித் தருவது ஃபோட்டான்களை. நமக்கு வேண்டியது அயனிகளின் எண்ணிக்கை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாற்று விகிதம் இருக்கிறது: இத்தனை வேகத்தில் வரும் எலக்ட்ரான், இந்த அயனியை, இந்தப் படிக்குத் தூக்க எவ்வளவு வாய்ப்பு? அதை மோதல் குறுக்குப் பரப்பு என்பார்கள். அயனி ஓர் இலக்குப் பலகை, அது எவ்வளவு அகலம் என்று கேட்பது மாதிரி. அகலமான பலகை என்றால் கொஞ்சம் அயனியே நிறைய ஒளி தரும், குறுகலான பலகை என்றால் நிறைய அயனி வேண்டும்.

வானத்திலிருந்து வரும் ஒளிக்குள் அந்த அகலம் எழுதி வராது. அதைப் பூமியில், எத்தனை அயனி, எத்தனை எலக்ட்ரான் என்று நமக்கே தெரிந்த இடத்தில்தான் அளக்க முடியும். வாயேஜரின் புற ஊதாக் கருவிக்குச் சுமார் 30 ஆங்ஸ்ட்ராம்தான் பிரித்துப் பார்க்கும் திறன், அதில் 685-ஐ ஒட்டி ஒரு பெரிய மேடு தெரிந்தது. அந்த மேட்டில் இரட்டை அயனிக்கு எவ்வளவு பங்கு, மும்மைக்கு எவ்வளவு என்று பிரிக்கும் வேலை முழுக்க இந்த எண்களை நம்பித்தான் நடந்தது.

ஒளியைச் சுத்தி வளைக்கிறதுக்கு அயனியையே பிடிச்சு எடை போட்டுடலாமே?

எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இதற்குள் ஒரு நல்ல பொறி இருக்கிறது. விண்கலங்களில் இருக்கும் எளிமையான அயனிக் கருவிகள் நிறையை நேராக அளப்பதில்லை, நிறையை மின்னூட்டத்தால் வகுத்து வரும் எண்ணைத்தான் பார்க்கின்றன. கந்தகத்தின் நிறை 32, இரட்டை அயனி என்றால் 32-ஐ இரண்டால் வகுத்து 16. ஆக்ஸிஜனின் நிறை 16, ஒற்றை அயனி என்றால் அதுவும் 16. சல்ஃபர் டை ஆக்ஸைடு உடைந்தால் வருவது இந்த இரண்டும்தான்! நுணுகிப் பார்த்தால் 15.986-க்கும் 15.995-க்கும் உள்ள வித்தியாசம், கிட்டத்தட்ட 1,800-இல் ஒரு பங்கு. வளையத்தின் சூட்டில் இரண்டும் ஒரே மேடாகக் குழைந்துவிடும்.

ஒளிக்கு இந்தக் குழப்பம் கிடையாது. இரட்டைக் கந்தகத்தின் கோடுகள் வேறு, ஆக்ஸிஜன் அயனியின் கோடுகள் (833 பக்கம்) வேறு. வளையத்தில் என்ன எவ்வளவு என்று சொல்வதற்குப் புற ஊதா இத்தனை முக்கியமாகப் போனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இதே பொறி ஆய்வகத்திலும் காத்திருக்கிறது. சல்ஃபர் டை ஆக்ஸைடை அயனி மூலத்துக்குள் (அயனியை உண்டாக்கும் கருவி) விட்டு, காந்தத்தால் 16-ஐப் பிரித்து எடுத்தால் இரட்டைக் கந்தகத்தோடு ஆக்ஸிஜனும் கூடவே வரும். 32-ஐ எடுத்தால் ஒற்றைக் கந்தகத்தோடு ஆக்ஸிஜன் மூலக்கூறு. கற்றை அருமையாக இருக்கும், மின்னோட்டமானி நல்ல எண் காட்டும், அதில் எத்தனை பங்கு கந்தகம் என்று கேட்டால் பதில் இருக்காது. ஆக்ஸிஜன் இல்லாத கந்தகச் சேர்மத்தை வைத்து ஆரம்பிக்கலாம், அல்லது கந்தகத்தில் 4 சதவீதம் இருக்கும் 34 நிறை ஐசோடோப்பைப் பிடிக்கலாம். அப்போது கற்றை 20 மடங்குக்கு மேல் மெலியும், வேறு வழியில்லை.

இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்லயே கணக்குப் போட்டுடலாமே சார்?

போடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் வளையத்தின் மாதிரிக் கணக்குகளில் நுழையும் எண்களில் பெரும்பகுதி கணக்குப் போட்டு வந்தவைதான். ஆர்-மேட்ரிக்ஸ் என்று ஒரு முறை உண்டு. நூற்றுக்கணக்கான படிகளுக்கு நடுவே உள்ள எல்லாத் தாவல்களையும் அளந்து முடிக்க யாருக்கும் ஆயுள் போதாது. இந்த எண்களைத் திரட்டி வைத்திருக்கும் சியான்டி என்ற தரவுத்தளத்தை எடுத்தால் அதில் பெரும்பாலும் கணக்கு மதிப்புகளே.

ஆனால் கந்தக அயனி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வெளிக்கூட்டில் பல எலக்ட்ரான்கள், ஒன்று அசைந்தால் இன்னொன்றும் அசையும். மோதும் எலக்ட்ரான் சில குறிப்பிட்ட ஆற்றல்களில் அயனியோடு கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு பிறகு பிரியும், அந்த இடங்களில் குறுக்குப் பரப்பு ஊசி ஊசியாக எகிறும். கணக்கில் எத்தனை படிகளைச் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து ஊசிகள் இடம் மாறும், உயரமும் மாறும். இரண்டு குழுக்கள் இரண்டு விடை தந்தால் எது சரி என்று மூன்றாவது கணக்கா சொல்லும்? ஒரு தாவலை, நாலைந்து ஆற்றலில், நம்பும்படி அளந்து வைத்தால் போதும், கணக்குக்காரர்கள் தங்கள் விடையை அதில் உரசிப் பார்ப்பார்கள். ஆய்வக வேலையின் பயன் இந்த உரைகல்தான், எல்லாவற்றையும் அளந்து பட்டியல் போடுவது அதன் நோக்கமே இல்லை.

ஆய்வகத்துல கந்தகத்தை எரிச்சா அயனி வருமா?

எரித்தால் சல்ஃபர் டை ஆக்ஸைடு வரும், தும்மல் வரும், அயனி வராது. கந்தகச் சேர்மம் ஒன்றைக் கொஞ்சமாக ஓர் உலோக அறைக்குள் கசிய விட்டு, மைக்ரோ அலையாலும் காந்தப் புலத்தாலும் அங்குள்ள எலக்ட்ரான்களைச் சுழற்றிச் சூடேற்றினால் அவை மூலக்கூறை உடைத்து எலக்ட்ரான்களைப் பிடுங்கும். ஈசிஆர் மூலம் என்பார்கள். அதிலிருந்து சில ஆயிரம் வோல்ட்டில் அயனிகளை வெளியே இழுத்து, காந்தத்தில் வளைத்து, வேண்டியதை மட்டும் குழாயில் விடுவோம். அங்கே எலக்ட்ரான் துப்பாக்கியிலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை அதைக் குறுக்கே இடிக்கும், அப்போது வரும் ஒளியை எண்ணுவோம்.

கந்தகம் ஆய்வகத்துக்கு நல்ல விருந்தாளி இல்லை. செம்பு கேஸ்கட் கறுக்கும், வெள்ளி பூசிய இடமெல்லாம் கறுக்கும். எலக்ட்ரான் துப்பாக்கியில் எலக்ட்ரானை உமிழ ஆக்ஸைடு கேத்தோடு போட்டிருந்தால் அதைக் கந்தகம் விஷம் மாதிரிக் கெடுக்கும், காலையில் இருந்த மின்னோட்டம் மத்தியானம் பாதியாகியிருக்கும்.

எதுக்கு அத்தனை பம்ப்? காற்று இருந்தா என்ன?

இரண்டு காரணம். முதலாவது, சுமார் 2,000 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே போனால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனே ஒளியை விழுங்கிவிடும். கண்ணாடி ஜன்னலும் உதவாது. மெக்னீசியம் ஃபுளோரைடு சுமார் 1,150 வரை விடும், லித்தியம் ஃபுளோரைடு 1,050 வரை. அதற்குக் கீழே எந்தப் பொருளிலும் ஜன்னல் கிடையாது. 680 ஆங்ஸ்ட்ராம் கோடு வேண்டுமென்றால் அயனி இருக்கும் அறை, கிரேட்டிங் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் நுண்பள்ளத் தகடு), ஒளி உணரி எல்லாம் ஒரே வெற்றிடத்தில் திறந்தபடி இருக்க வேண்டும். வளையத்தைத் தரையிலிருந்து புற ஊதாவில் பார்க்க முடியாததற்கும் இதேதான் காரணம்.

இரண்டாவது காரணம்தான் தூக்கத்தைக் கெடுப்பது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 6,000 வோல்ட்டில் ஒரு மைக்ரோ ஆம்பியர் ஒற்றை அயனிக் கற்றை, குறுக்களவு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அயனியின் வேகம் நொடிக்கு 190 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 33 லட்சம் அயனி. பெரிய எண் மாதிரித் தெரிகிறதா? இப்போது வெற்றிடத்தைப் பாருங்கள். ஒரு டாரில் (டார் என்பது அழுத்தத்தின் அலகு) ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அழுத்தம் என்றால் மிக நல்ல வெற்றிடம், அறையையே நாள்கணக்கில் சூடேற்றி ஈரத்தை விரட்டினால்தான் கிடைக்கும். அதிலும் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 32 லட்சம் மூலக்கூறு மிச்சம் இருக்கிறது. நம் இலக்கும் குப்பையும் சரிக்குச் சரி! அறையைச் சூடேற்றச் சோம்பல்பட்டு பத்து மடங்கு அழுத்தத்தில் ஓட்டினால், நீங்கள் அளப்பது கந்தகத்தை இல்லை, மிச்சக் காற்றை.

அப்ப எது கந்தகத்தோட ஒளி, எது குப்பையோடதுன்னு எப்படித் தெரியும்?

இரண்டு கற்றையையும் வெட்டி வெட்டி விடுவோம். எலக்ட்ரான் மட்டும், அயனி மட்டும், இரண்டும் சேர்ந்து, இரண்டுமே இல்லாமல் என்று நான்கு நிலை. இரண்டும் சேர்ந்திருக்கும்போது மட்டும் கூடுதலாக வருவதே நமக்கு வேண்டியது, மற்றவற்றைக் கழித்துவிடலாம். சொல்ல எளிது. நொடிக்கு ஒரு நல்ல எண்ணிக்கை, அதன் பின்னால் 100 வீண் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜத்திலும் இப்படித்தான் இருக்கும். 5 சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் 22 மணி நேரம் திறந்தும் 22 மணி நேரம் மூடியும் எண்ண வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு நாள். அது ஒரே ஓர் ஆற்றலில் ஒரே ஒரு புள்ளி.

ஒரு முறை முப்பத்தைந்தாவது மணி நேரத்தில், ராத்திரி இரண்டரைக்கு, மின்சாரம் ஒரு கண் சிமிட்டல் போய் வந்தது. அவ்வளவுதான், வால்வுகள் மூடிக்கொண்டன, கேத்தோடு அணைந்தது, கற்றை போய்விட்டது. அதன் பிறகு பத்து மணி நேரத்துக்கு ஒரு முறை எண்ணிக்கையைத் தனித்தனிக் கோப்பில் எழுதி வைக்கப் பழகினோம்.

ஒளியைப் பிடிக்காமலேயே இதை அளக்கலாம்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை, அதுவும் அழகான வழி. அயனியை மேல்படிக்குத் தூக்கிய எலக்ட்ரான் அந்த அளவுக்கு ஆற்றலை இழந்திருக்கும். ஒளியை விட்டுவிட்டு, இளைத்துப்போன எலக்ட்ரான்களை எண்ணலாம். கலிஃபோர்னியாவின் பசடேனாவில் உள்ள நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் ஆரா சூட்ஜியன் குழு 1990-களில் ஒற்றைக் கந்தக அயனியை இப்படித்தான் அளந்தது. அயனிக் கற்றையும் எலக்ட்ரான் கற்றையும் குறுக்கே மோதாமல் ஒரே திசையில் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்ச தூரம் சேர்ந்தே ஓடும். கடைசியில் மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து, மெதுவான எலக்ட்ரானை அதிகமாகவும் வேகமானதைக் குறைவாகவும் ஒதுக்கிவிடும். உணரியில் எங்கே விழுந்தது என்று பார்த்தால் எவ்வளவு இழந்தது என்று தெரியும்.

ஒளி உணரி எத்தனை ஃபோட்டானை எண்ணுகிறது என்ற தொல்லை (கீழே வருகிறது) இதில் இல்லை. மேல்படி எத்தனை நேரம் கழித்து ஒளி விட்டாலும் கவலை இல்லை. ஆனால் தாவலுக்குத் தேவையான ஆற்றலை ஒட்டி மட்டுமே நன்றாக வேலை செய்யும். ஆற்றல் கூடக் கூட, ஆற்றலை இழக்காமல் வெறுமனே சிதறிய எலக்ட்ரான்களும் உள்ளே கலந்துவிடும்.

நேரா சல்ஃபர் டை ஆக்ஸைடு மேலயே எலக்ட்ரானை அடிச்சா கந்தகக் கோடு வருமே, அது போதாதா?

கோடு வரும், அலைநீளமும் அதேதான். ஆனால் அங்கே நடப்பது வேறு. ஒரே மோதலில் மூலக்கூறை உடைத்து, அயனியாக்கி, மேல்படிக்கும் தூக்க வேண்டும், அதற்கு ஆற்றல் பல மடங்கு வேண்டும். வளையத்தில் மூலக்கூறு ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது. அதனால் இந்த எண்ணை வளையத்துக்குப் போட்டால் தப்பு.

அதற்காக வீண் என்று சொல்லவில்லை. அயோவின் மெல்லிய காற்று மண்டலத்தில் சல்ஃபர் டை ஆக்ஸைடு முழுசாக இருக்கிறது, அங்கே எலக்ட்ரான் வந்து இடித்தால் நடப்பது இதே உடைசல்தான். அயோவின் ஒளிர்வுக்கு இந்த அளவு, வளையத்துக்கு அந்த அளவு. கட்டுரை படிக்கும்போது இலக்கு மூலக்கூறா அயனியா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கற்றையில இருக்கிற அயனி எல்லாம் கீழ்ப்படியிலதான் இருக்குன்னு என்ன நிச்சயம்?

நிச்சயமே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர் ஏற்கெனவே இதில் அடிபட்டவராக இருப்பார். ஒற்றைக் கந்தக அயனிக்கு 1.84 எலக்ட்ரான் வோல்ட்டிலும் 3.04-லும் படிகள் உண்டு. அங்கே ஏறிய எலக்ட்ரான் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அயனி மூலத்தின் சூட்டில் ஒரு பங்கு அயனிகள் அந்தப் படிகளிலேயே புறப்பட்டு, மைக்ரோ விநாடிகளில் குழாயைக் கடந்து, அப்படியே மோதல் இடத்துக்கு வந்து சேரும். எத்தனை பங்கு என்று தெரியாமல் எல்லாம் கீழ்ப்படி என்று வகுத்தால் குறுக்குப் பரப்பு சிறிதாக வரும்.

வழி இருக்கிறது. கற்றையை ஒரு வாயு நிரப்பிய சிற்றறை வழியாக விட்டு, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கற்றை எப்படித் தேய்கிறது என்று பாருங்கள். இரண்டு வகை அயனிகளும் வேறு வேறு வேகத்தில் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு மறையும். தேய்மானக் கோடு நேராக இல்லாமல் ஓரிடத்தில் மடங்கினால், அந்த மடிப்பிலிருந்து பங்கைக் கணக்கிடலாம்.

வளையத்தோட சிவப்புக் கோடு 6,731-ஐத் தரையிலிருந்தே பார்க்குறாங்க. அதை ஆய்வகத்துல அளக்குறது சுலபமா இருக்குமே?

தலைகீழ். அந்தச் சிவப்பு ஒளி மேலே சொன்ன 1.84 படியிலிருந்து வருவது. அங்கிருந்து இறங்கப் பல நிமிடங்கள் ஆகும், பக்கத்து 6,716-க்கு இன்னும் நேரம். வளையத்தில் அடுத்த மோதலுக்கு முன் அவ்வளவு நேரம் கிடைக்கலாம். ஆய்வகத்தில் அதற்குள் அயனி சுவரில் போய் முட்டியிருக்கும். 1,256 கோடு நானோ விநாடிகளில் வந்துவிடும், அயனி இரண்டொரு சென்டிமீட்டர் போவதற்குள் எண்ணி முடிக்கலாம். இரட்டை அயனியின் 1,729 கோடு நடுவாந்தரம்: மைக்ரோ விநாடிக் கணக்கில் தாமதிக்கும், அதற்குள் கற்றை உணரியின் பார்வையைத் தாண்டிப் பல மீட்டர் போய்விடும். அதனால் அதன் ஆயுளை அளக்க, அயனியை ஓடவிடாமல் மின்பொறியில் அடைத்து வைத்து, ஒளி எப்படி மங்குகிறது என்று பார்ப்பார்கள்.

உங்க ஒளி உணரி சரியா எண்ணுதுன்னு யார் சர்டிஃபிகேட் குடுக்குறது?

நல்ல வேளை, யாரோ கேட்டீர்கள். கருவிக்குள் வரும் ஃபோட்டானில் எத்தனை சதவீதம் எண்ணப்படுகிறது என்பது அலைநீளத்துக்கு அலைநீளம் மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். கிரேட்டிங்கில் ஒரு விரல் ரேகை விழுந்தால் போதும். அந்த எண்ணெய் மேல் புற ஊதா விழ விழக் கருகிப் படியும், துடைத்தால் பள்ளங்களே போய்விடும்.

அடிப்படை அளவுகோல் சின்க்ரோட்ரான் ஒளி. வட்டமாக ஓடும் எலக்ட்ரான்கள் விடும் ஒளியின் அளவைச் சூத்திரத்திலிருந்தே சொல்லிவிடலாம், அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க்கிலும் ஜெர்மனியின் பெர்லினிலும் இதற்கென்றே வசதி இருக்கிறது. அங்கே போக முடியாதவர்கள் ஏற்கெனவே அளந்த ஒரு கோட்டோடு ஒப்பிடுவார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறை எலக்ட்ரானால் அடித்தால் வரும் 1,216 ஆங்ஸ்ட்ராம் கோடுதான் வெகுகாலம் அந்தப் படிக்கல். 1970-களின் தொடக்கத்தில் அளந்த அதன் மதிப்பு 1980-களில் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அந்தப் படிக்கல்லை வைத்து எடைபோட்ட அத்தனை பழைய எண்களையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டியதாயிற்று. பழைய கட்டுரையிலிருந்து எண் எடுக்கும்போது எந்தப் படிக்கல் என்று பாருங்கள், நான் பார்க்காமல் எடுத்து ஒரு வாரத்தைத் தொலைத்திருக்கிறேன்.

20, 30 சதவீதம் முன்னப்பின்ன இருந்தா என்ன குடி முழுகிடும்?

வளையத்தின் எலக்ட்ரான்கள் சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட் வெப்பத்தில் இருக்கின்றன. இரட்டை அயனியின் 680 கோட்டுக்கு 18.2 வேண்டும், 1,198-க்கு 10.35. வெப்பம் 5-லிருந்து 6-க்கு ஏறினால் இந்த இரண்டு கோடுகளின் விகிதம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடும். ஆக, விகிதம் ஒரு வெப்பமானி. இப்போது உங்கள் குறுக்குப் பரப்பு விகிதம் 30 சதவீதம் தப்பு என்றால், வெப்பமானி ஓர் எலக்ட்ரான் வோல்ட் தப்பாகக் காட்டும். அதாவது 11,600 டிகிரி. வெப்பம் தப்பினால் அயனி எண்ணிக்கை தப்பும், எண்ணிக்கை தப்பினால் அயோ எவ்வளவு கக்குகிறது என்பதும் தப்பும்.

ஒரே கருவி, ஒரே எண்கள் என்று வைத்து மாற்றத்தை மட்டும் பார்த்தால் இந்தத் தப்பு பெரும்பாலும் அடிபட்டுப் போகும். காசினி விண்கலம் 2000 டிசம்பர் 30 அன்று வியாழனை நெருங்கியபோது, அதற்கு முன்னும் பின்னுமாகச் சில மாதம் வளையத்தைப் பார்த்தது. ஒற்றை அயனி குறைந்து மும்மை அயனி கூடிக்கொண்டே போனது. 2013-இல் ஜப்பான் அனுப்பிய ஹிசாகி விண்கலம், 2015-இன் தொடக்கத்தில் வளையம் பிரகாசமானதைப் பிடித்தது. இப்படி "கூடியது, குறைந்தது" என்பதைத் தைரியமாகச் சொல்லலாம். "இத்தனை டன்" என்று சொல்லும்போதுதான் நாக்கு குழற வேண்டும்.

இது வியாழனுக்கு மட்டும்தானா? சூரியனுக்கு இதுல ஏதாவது இருக்கா?

இருக்கிறது. சூரியனின் கரோனாவில் (வெளி வளிமண்டலம்), எளிதில் அயனியாகும் தனிமங்கள் (சிலிக்கான், இரும்பு) மேற்பரப்பில் இருப்பதைவிடக் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். கந்தகத்தின் 10.36 எல்லைக்கோட்டில் நிற்கும் எண், அதனால் அது அவ்வளவாகச் சேராது. 258 ஆங்ஸ்ட்ராமில் சிலிக்கான் கோடு, 264-இல் ஒன்பது எலக்ட்ரான் இழந்த கந்தகத்தின் கோடு. ஜப்பானின் ஹினோடே விண்கலம் எடுக்கும் நிறமாலையில் இந்த இரண்டின் விகிதத்தைப் பார்த்து, இந்தச் சூரியக் காற்று சூரியனின் எந்தப் பகுதியிலிருந்து கிளம்பியது என்று தடம் பிடிக்கிறார்கள்.

இங்கே அயனி வேறு, கருவியும் வேறு. ஒன்பது எலக்ட்ரான் பிடுங்க ஈபிட் என்ற எலக்ட்ரான் கற்றை அயனிப் பொறி வேண்டும், முதல் பொறி 1986-இல் அமெரிக்காவின் லிவர்மோரில் ஓடியது. அயனிகளை ஓடவிடாமல் ஓரிடத்தில் கட்டிவைத்து, ஒரே ஆற்றலுள்ள எலக்ட்ரான்களால் அடித்துக்கொண்டே இருக்கும்.

நம்ம ஆதித்யா எல்-1 இதைப் பார்க்குமா?

அதிலுள்ள சூட் (SUIT) என்ற தொலைநோக்கி 2,000 முதல் 4,000 ஆங்ஸ்ட்ராம் வரை படம் எடுப்பது. இந்தப் பக்கத்தில் சொன்ன புற ஊதாக் கந்தகக் கோடுகளெல்லாம் அதற்குக் கீழே. 2015-இல் போன நம் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கி 1,300 வரை இறங்கும், ஆனால் அது முதன்மையாகப் படமெடுக்கும் கருவி, நெருக்கமான கோடுகளைப் பிரிக்கும் அளவுக்கு அதன் கிரேட்டிங் இல்லை.

காலேஜ் லேப்ல நாங்களா ஏதாவது செய்ய முடியுமா?

புற ஊதாவை விட்டுவிடுங்கள், அதன் பம்ப் செலவே துறையின் பட்ஜெட்டை விழுங்கும். அந்தச் சிவப்புக் கோட்டைப் பிடியுங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் 35 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று, வியாழனின் கண்கூசும் வெளிச்சத்தை நடுவில் ஒரு மறைப்பால் மட்டுப்படுத்திவிட்டு, 6,731-ஐ மட்டும் விடும் குறுகிய ஃபில்டரோடு, 2017 முதல் வளையத்தைப் படம் எடுத்துவருகிறது. வியாழனின் இரண்டு பக்கமும் காது மாதிரி இரண்டு மங்கலான திட்டுகள் தெரியும், கந்தகம். 35 சென்டிமீட்டர் தொலைநோக்கி பல கல்லூரி மொட்டை மாடிகளில் உறை போட்டு மூடிக் கிடக்கிறது. ஃபில்டர்தான் விலை. வியாழன் எதிர்நிலைக்கு (வானில் சூரியனுக்கு நேர் எதிரே) வரும் மாதங்களில், மழை மேகம் இல்லாத ராத்திரியாகப் பார்த்து ஆரம்பியுங்கள், முதலில் மறைப்பை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கவே நான்கைந்து ராத்திரி போகும்.